முந்நூற்றுப் பன்னிரண்டு இலைகள்

செம்பாறை மாவட்டத்தில் காலையில் வீட்டை விட்டு வெளியே போகச் சாவி வேண்டாம், வயிறு போதும். ஒவ்வொரு வீட்டு நிலையிலும் இடுப்பு உயரத்தில் ஓர் உலோகத் தகடு பதித்திருப்பார்கள். எழுந்தவர்கள் வரிசையாக வந்து சட்டையைத் தூக்கி, சில்லென்றிருக்கும் அந்தத் தகட்டில் தொப்புள் படும்படி அழுத்தி நிற்பார்கள். தகடு இரண்டு விநாடி யோசித்துவிட்டு, முந்தைய நாள் அந்த வயிற்றுக்குள் போனவற்றில் எது செவ்வாயில் விளைந்தது, எது பூமியில் விளைந்தது என்று பிரித்துக் காட்டும். பிறகுதான் கதவு திறக்கும். புதுமாப்பிள்ளைக்கும் இதே கதிதான், மாவட்டத் தலைவருக்கும் இதே கதிதான்.

இதற்கெல்லாம் காரணம் தண்ணீர். செவ்வாயில் மழையும் இல்லை, ஆறும் இல்லை. துருவத்துப் பனிக்கட்டியை உருக்கிக் குழாய் வழியாக அனுப்பும் நீர் ஆணையம்தான் அங்கே வருண பகவான். ஆணையம் அந்த ஆண்டு ஒரு கேள்வி கேட்டது. நீங்களே தின்னாத பயிருக்கு நாங்கள் ஏன் தண்ணீர் விட வேண்டும்? கேள்வியில் நியாயம் இருந்ததுதான் வயிற்றெரிச்சல். நாற்பத்தெட்டு நாள் கணக்கு. மாவட்டத்தின் இரண்டாயிரம் பேரும் சாப்பிடும் வேளைகளில் நூற்றுக்கு அறுபது உள்ளூர் விளைச்சலாக இருக்க வேண்டும். மயிரிழை குறைந்தாலும் குழாயைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள்.

ஏமாற்ற வழியே இல்லை. ஒவ்வொருவர் குடலிலும் அரிசிமணி அளவில் ஒரு குடற்சில்லு ஒட்டிக்கொண்டிருக்கும். செவ்வாயின் காற்றைக் குடித்து வளர்ந்த பயிரின் கரி அணுக்கள் பூமிப் பயிரின் அணுக்களைவிடக் கொஞ்சம் கனமானவை. சில்லு அந்த வித்தியாசத்தை மோப்பம் பிடித்துவிடும். ஒரே உணவு மூன்று கவளம் உள்ளே போனால் அதை ஒரு வேளை என்று எழுதிக்கொள்ளும். ஒரு கவளம், இரண்டு கவளம் என்றால் பெரிய மனது பண்ணி விட்டுவிடும்.

செம்பாறைக்காரர்களின் முன்னோர்கள் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் பாறை உடைத்தவர்கள். அந்தக் கைப்பழக்கத்துக்காகவே மூன்று தலைமுறைக்கு முன்னால் அவர்களை இங்கே அழைத்துவந்தார்கள். இங்கிருந்து உலோகத்தை ஏற்றிக்கொண்டு பூமிக்குப் போகும் கப்பல்கள் திரும்பும்போது காலியாக வர வேண்டாமே என்று உணவுப் பொட்டலங்களை நிரப்பிக்கொண்டு வரும். வெந்நீரை ஊற்றினால் மூன்று நிமிடத்தில் வெள்ளை வெளேரென்று சோறு பொங்கும், சாம்பார் மணக்கும், வடைகூட உப்பிவிடும். இதற்குக் கப்பல் சோறு என்று பெயர். உள்ளூரில் நெல் விளையாது. அது கேட்கும் தண்ணீருக்கு எங்கே போவது? விளைந்ததெல்லாம் கேழ்வரகு, கொள்ளு, அவரை, பூசணி, முருங்கை. பாடுபட்டு விளையவைத்ததைக் களத்தில் குவித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கப்பல் சோற்றுக்கு வெந்நீர் காய்ச்சுவதுதான் செம்பாறையின் வழக்கமாக இருந்தது.

அந்த வழக்கத்தை உடைக்க வந்தவள் தவமணி. ஐம்பத்திரண்டு வயது, செம்பாறை உழவர் கூட்டமைப்பின் தலைவி. செவ்வாயின் மண்ணில் பிறவியிலேயே ஒரு நச்சு உப்பு கலந்திருக்கிறது. அதைக் கழுவிக் கழுவிப் பயிர்மண்ணாக்க வேண்டும். ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒருவர் வந்து மண் கழுவுவது என்று பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தவமணியும் அவள் கணவன் நடேசனும் தொடங்கிவைத்தார்கள். நான்காம் ஆண்டில் அந்தத் தூசியே நடேசனின் நுரையீரலைத் தின்றது. தவமணி அழுது முடித்த மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மண் கழுவ வந்து நின்றாள். இன்று பதினோரு கவிகைகள் இருக்கின்றன. கவிகை என்பது வயலுக்கும் அதையொட்டிய வீடுகளுக்கும் மேலே காற்றை அடைத்துக் கவிழ்த்த கண்ணாடிக் கூரை. தண்ணீர் நின்றால் அந்தப் பதினொன்றையும் மடித்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் மண் ஒரே இரவில் உறைந்து மறுபடி வெறும் தூசியாகிவிடும். ஊரைச் சுரங்க நகரத்தின் அறைகளுக்குள் குடியேற்றிவிடுவார்கள். தவமணிக்கு அந்த மண்தான் நடேசன் விட்டுப்போன ஒரே சொத்து.

முப்பத்தோராம் நாள் விகிதப் பலகை ஐம்பத்தேழு காட்டியது. மாவட்ட மன்றத்தின் முகப்பில் எல்லாரும் பார்க்கும்படி தொங்கும் பலகை அது. தவமணி வீடு வீடாகப் போனாள். அடுக்களையில், கட்டிலுக்கு அடியில், குழந்தையின் தொட்டிலில் என்று ஒளித்துவைத்த கப்பல் பொட்டலங்களையெல்லாம் கைப்பற்றிக் கூட்டமைப்பின் கிடங்கில் போட்டுப் பூட்டினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏழாம் கவிகையில் அம்சா என்ற பெண்ணின் வீட்டில் மட்டும் கொஞ்சம் தயங்கி நின்றாள். அம்சாவுக்கு எட்டு மாதம். அவள் கையில் பாதி பிரித்த எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் இருந்தது.

"யக்கா, இது ஒண்ணுதான் வாந்தி வராம உள்ள தங்குது. களியப் பாத்தாலே கொமட்டுது."

"தெரியுது அம்சா. பொறக்கப்போற புள்ளைக்கித் தண்ணி வேணுமா வேணாமா, நீயே சொல்லு."

அம்சா பொட்டலத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்த தவமணிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அன்றிரவு அவரைக்காயும் முருங்கைக் கீரையும் சேர்த்துப் புளிப்பாக ஒரு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது அம்சாவின் வயிற்றில் தங்கியது. அதன் பிறகு தினமும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊர் முணுமுணுத்துக்கொண்டே களி தின்றது. பலகை அரைக்கால் அரைக்காலாக ஏறியது.

நாற்பத்தேழாம் நாள் மாலை அறுபதைத் தொட்டுவிட்டது. அன்றுதான் ஆணையத்திலிருந்து செய்தியும் வந்தது. மறுநாள் மதியம் ஆய்வாளர் வருவார். சூரியன் மறையும் நேரத்தில் எல்லா வயிறுகளையும் அவரே நேரடியாகப் படித்து முடிவை அறிவிப்பார். நிகழ்ச்சி முழுவதும் பூமிக்கு ஒளிபரப்பாகும்.

ஆய்வாளர் ஓர் இயந்திரம் என்பது எல்லாருக்கும் தெரியும். முழங்கால் உயரம், நான்கு சக்கரம், ஒரு கை, ஒரே ஒரு கண். வாய் கிடையாது, குரல் மட்டும் உண்டு. தெரிந்திருந்தும் கூட்டமைப்பின் செயலாளர் கலியமூர்த்தி அன்றிரவு கூட்டத்தில் ஆரம்பித்தார்.

"சாருக்கு என்னா விருந்துன்னு முடிவு பண்ணலியே யக்கா?"

"அதுக்கு வாயே இல்ல கலியமூர்த்தி."

"வாய் இல்லாட்டி என்னா, கண்ணு இருக்குல்ல. பந்தியப் படம் புடிச்சி அரியலூருக்கே காட்டிடும். ஒங்க அக்கா பாப்பாங்க, எங்க சித்தப்பா வூட்டுல பாப்பாங்க. மூணு தலமொறையா இங்க வந்து கெடக்குறவன் கடசீல களியத்தான் திங்கிறான்னு நெனைக்க மாட்டாங்களா?"

சொன்னது ஒவ்வொருவருக்கும் தைத்தது. பூமிக்குப் பேசும்போதெல்லாம் இங்கே எந்தக் குறையும் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்லிவந்திருக்கிறார்கள். விருந்து என்றால் அரிசிச் சோறு; அது இல்லாமல் இலை போடுவதை அங்கிருந்த ஒருவராலும் நினைத்துப்பார்க்க முடியவில்லை. தவமணியாலும் முடியவில்லை. அவளுடைய மூத்த சகோதரி மங்கையர்க்கரசி கல்யாணமாகிக் கப்பலேறிப் போய் அரியலூரில் இருந்தாள், சொந்தக்காரர்கள் நடுவில். தங்கையின் பந்தியில் கேழ்வரகுக் களி உருண்டையை அவர்கள் பார்ப்பதை நினைத்தபோது தவமணிக்கு உடம்பு கூசியது.

"சரி, அரிசிச் சோறே போடுவோம்," என்றாள் கடைசியில். "கெடங்குல பூட்டி வச்ச பொட்டலம் போதும். ஆனா பொழுது சாயறவரைக்கும் ஒரு பருக்க ஒருத்தர் வாய்க்குள்ள போகக் கூடாது. எல போடட்டும், படம் புடிக்கட்டும். கணக்கு முடிஞ்ச பொறவு சாப்புடுவோம்."

"பசியோட ஒக்காந்திருக்கிற சனம் யக்கா. கட்டுப்படுமா?"

"மொத எலைல நான் ஒக்காருறேன்."

அது போதுமான பதில். செம்பாறையில் ஒரு வழக்கம் இருந்தது. மண்ணைச் சரியாகக் கழுவத் தெரியாத ஆரம்ப காலத்தில் விளைச்சலில் நச்சு உப்பு ஏறியிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் பந்தியின் முதல் இலையில் உட்காருபவர் ஒரு கவளம் தின்று பார்ப்பார். அவர் முகம் மாறாவிட்டால் மற்றவர்கள் கைவைப்பார்கள். நச்சு போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன, வழக்கம் போகவில்லை. முதல் இலை கைவைக்காமல் செம்பாறையில் பச்சைக் குழந்தைகூட இலையைத் தொடாது. தன் கைதான் பூட்டு என்று தவமணி நம்பினாள். அந்தப் பூட்டுக்கு அவளே பொறுப்பு என்பதால் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

மறுநாள் ஆய்வாளர் வந்தது. கலியமூர்த்தி அதற்கு மாலை போட்டார். மாலை கண்ணை மறைத்ததால் உடனே கழற்றவும் செய்தார். அது பதினோரு கவிகைகளையும் சுற்றிப் பார்த்தது. கேழ்வரகுக் கதிரைத் தொட்டுப் பார்த்தது. நடேசன் கழுவிய முதல் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்து, "தரமான மண்" என்றது. தவமணி குனிந்து, அது கிளறிய இடத்தைக் கையால் சமன்செய்தாள். மாலையில் பலகை அறுபது புள்ளி பூஜ்யம் ஐந்து காட்டியது. அந்தப் புள்ளிக்கு அப்பால் இருந்ததுதான் செம்பாறையின் உயிர். வேளைக் கணக்கில் சொன்னால், இன்னும் சுமார் இருநூற்றைம்பது வேளைக் கப்பல் சோறு உள்ளே போனால் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

மன்றத்தின் கூடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இலை மட்டும் உள்ளூர், விருந்துக்கென்றே கவிகை ஓரத்தில் வளர்த்த சில வாழைகளில் அறுத்தது. இலையை யாரும் தின்பதில்லை என்பதால் அது எந்தக் கணக்கிலும் வராது. முதல் இலையில் தவமணி. அவளுக்கு வலப்பக்கம் ஆய்வாளருக்கும் மரியாதைக்கு ஓர் இலை. சூரியன் மறைய இருபது நிமிடம் இருக்கும்போது சோறும் சாம்பாரும் வடையும் பாயசமும் பரிமாறி முடித்தார்கள். சுவரில் இருந்த திரையில் பூமியிலிருந்து வரும் வாழ்த்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் இங்கே நடப்பது அங்கே போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம், அவர்கள் பதில் இங்கே வரப் பன்னிரண்டு நிமிடம். ஆகவே திரையில் இருந்தவர்கள் இன்னும் கவிகைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாம்பார் வாசனை கூடம் முழுக்க ஏறியது. நாற்பத்தெட்டு நாள் களி தின்ற கூட்டம் அது. எல்லாருடைய கண்ணும் தவமணியின் வலது கையின் மேலேயே இருந்தது. அவள் அந்தக் கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டாள். எதிர்வரிசையில் அம்சா உட்கார்ந்திருந்தாள். அவள் எச்சில் விழுங்குவது தவமணிக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே சூரியன் சின்னதாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வானம் நீலமாகத் தொடங்கியிருந்தது. செவ்வாயில் பகல்தான் சிவப்பு, அந்தி நீலம். நன்றாக நீலமாகட்டும், அதுவரை பொறுங்கள் என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள்.

பதினாறு நிமிடம். பதின்மூன்று நிமிடம். பாயசத்தின் மேல் ஆடை படியத் தொடங்கியது.

ஒன்பது நிமிடம் இருக்கும்போது ஆய்வாளரின் கண் மெதுவாக ஒருமுறை கூடத்தைச் சுற்றி வந்து தவமணியிடம் நின்றது.

"உணவு பரிமாறிப் பதினொரு நிமிடங்கள் ஆகின்றன," என்றது கூடம் முழுவதும் கேட்கும் குரலில். "முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் உண்ணவில்லை. உணவில் கேடு இருப்பதாக ஐயம் எழுகிறது. பாதுகாப்பு விதிப்படி இதை நான் பதிவு செய்ய வேண்டும். செம்பாறையின் உணவு உண்ணத் தகுந்ததுதானா?"

கேட்டது இயந்திரம். அதற்குக் கேலியும் தெரியாது, குத்தலும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி அரியலூருக்குக் கிளம்பிவிட்டது. பன்னிரண்டு நிமிடத்தில் மங்கையர்க்கரசியின் வீட்டுக் கூடத்தில் அது ஒலிக்கும். தவமணி போட்ட விருந்தில் விஷமா என்று சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தவமணி உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது கப்பல் சோறு, கணக்கு முடியும்வரை காத்திருக்கிறோம் என்று ஒரே வாக்கியம். வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் ஊரை நாற்பத்தெட்டு நாள் களி தின்னவைத்துவிட்டு, படம் பிடிப்பதற்காக மட்டும் அரிசிச் சோறு வடித்தோம் என்று அத்தனை பேர் பார்க்க எப்படிச் சொல்வது? அவள் வேகமாகக் கணக்குப் போட்டாள். ஒரு கவளம்தானே. மூன்று கவளம் போனால்தானே சில்லு எழுதும். ஒரு கவளம் தின்று காட்டினால் கேள்வி முடிந்தது.

"சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்லீங்க. இந்தா, பாருங்க," என்று சொல்லி, சோற்றைப் பிசைந்து ஒரு பெரிய கவளமாக வாயில் போட்டுக்கொண்டாள்.

முந்நூற்றுப் பதினொரு கைகள் இலைக்குப் போயின.

யாரும் பேராசையால் செய்யவில்லை. முதல் இலை தின்றுவிட்டது, முகம் மாறவில்லை, ஆகவே சாப்பிடலாம். பதினான்கு ஆண்டுகளாகக் கை அப்படித்தான் பழகியிருந்தது. மூளை ஞாபகப்படுத்துவதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது. தவமணி நிறுத்தச் சொல்ல நினைத்தாள். வாய் நிறையச் சோறு. அதை விழுங்கித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தபோது எதிரே அம்சா கண்ணை மூடிக்கொண்டு, வாரக்கணக்கில் காணாத ருசியில், இரண்டாவது கவளத்தை மென்றுகொண்டிருந்தாள்.

கலியமூர்த்தி பரிமாறும் கரண்டியோடு ஓடிவந்தார்.

"யக்கா, எழுப்பிடலாம். இன்னும் எட்டு நிமிசம் இருக்கு. ரெண்டு கவளத்தோட நிறுத்திட்டாங்கன்னா தப்பிச்சோம்."

"எழுப்பு," என்றாள் தவமணி.

கலியமூர்த்தி வரிசையின் பக்கம் திரும்பி வாயெடுத்தார். ஆய்வாளரின் கண் தன்மேல் இருப்பதைப் பார்த்தார். மறுபடி தவமணியைப் பார்த்தார்.

"பந்தீல ஒக்காந்தவங்கள எப்பிடிக்கா பாதில எழுந்திரின்னு சொல்றது? நீங்களே சொல்லிடுங்க."

தவமணி அம்சாவைப் பார்த்தாள். வாயும் வயிறுமாக இலைமுன் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், அதை ஊர் பார்க்கும், பூமி பார்க்கும். ஒருமுறை அவள் கையிலிருந்து பிடுங்கியவள்தான். அன்று யாரும் பார்க்கவில்லை. இன்று அவளால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். ஏழு நிமிடம், ஆறு நிமிடம். பழக்கதோஷத்தில் பரிமாறுகிறவர்கள் சாம்பார் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் சுற்று வந்தார்கள். போதும் என்று இலையைக் கையால் மறைத்தவர்களிடம்கூட, கூச்சப்படாமல் சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தினார்கள்.

வானம் முழு நீலமானபோது ஆய்வாளரின் கண்ணில் ஒரு பச்சை ஒளி மின்னி அணைந்தது. இரண்டாயிரம் வயிறுகளையும் படித்து முடித்துவிட்டது.

"செம்பாறை மாவட்டத்தின் உள்ளூர் உணவு விகிதம் ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது எட்டு," என்றது. "நீர்க்குழாய் நாளைக் காலை ஆறு மணிக்குச் சுரங்கத்துக்குத் திருப்பப்படும். விருந்துக்கு நன்றி."

கூடத்தில் மெல்லும் சத்தம் நின்றது. அம்சா கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கலியமூர்த்தி கரண்டியைக் கீழே வைக்க இடம் தெரியாமல் நின்றார். தவமணி முதல் கவிகை இருந்த திசையைப் பார்த்தபடி அப்படியே சுவரில் சாய்ந்தாள். பதினான்கு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு கவளத்தில் போய்விட்டன என்பது அவளுக்குப் புரிந்தது, நம்பத்தான் முடியவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துச் சுவர்த்திரையில் அவளுடைய அக்காவின் முகம் தோன்றியது. இலை போட்டுப் பரிமாறிய காட்சி அங்கே போய்ச் சேர்ந்ததும் மங்கையர்க்கரசி பேசி அனுப்பியது இப்போதுதான் வந்திருந்தது. அவள் பின்னால் பெரிய கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"தவமணி, நல்லாருக்கியா? ஒங்க விழாவப் பாக்கணும்னு நம்ம தெருவே இங்க வந்து ஒக்காந்திருக்குடி. ஏண்டி, எலைல இந்தப் பொட்டலச் சோத்த வச்சிருக்கீங்க? நாங்க இங்க மூணு வேளையும் இதத்தான திங்கிறோம். நீங்க மண்ணக் கழுவி வெளைய வச்ச கேவுரு களியும் கீரையும் எப்பிடி இருக்குன்னு பாக்கத்தான் இவ்ளோ சனம் வந்துச்சி. கேவுரெல்லாம் இங்க பெரிய பெரிய ஓட்டல்லதான் கெடைக்கிது, நமக்கெல்லாம் கண்ணுலயே காட்ட மாட்டான். அடுத்த கப்பல்ல ஒரு ரெண்டு கிலோ கேவுரு மாவு போட்டு வுட முடியுமான்னு பாரேன்."